நாலு அடைக்கோழி, ஒரே கூட்டம்: யாரை எங்கே வைப்பது?

கேட்டவருடைய நிலைமை இது. 16 பெட்டைகளும் ஒரு சேவலும் ஒரே கூட்டில் இருக்கின்றன. அதில் நாலு ஒரே சமயத்தில் அடைக்கு வந்துவிட்டன. முதலாவது பொரித்து 6 நாள் ஆகிறது, 9 குஞ்சுகளோடு சுற்றுகிறது. இரண்டும் மூன்றும் ஒரே பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அடியில் 17 முட்டை, எது என்றைக்கு வந்தது என்று கணக்கே இல்லை. நாலாவது 3 நாளாகக் காலிப் பெட்டியில் கிடக்கிறது. இதற்கிடையில் பெட்டியில் இருக்கும் ஒரு கோழி, அந்தப் பக்கம் போன குஞ்சு ஒன்றை மண்டையில் கொத்திவிட்டது. எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து அடைக்க வேண்டுமா, ஒன்றாகவே விடலாமா என்பதுதான் கேள்வி.

நீங்கள் கோழிகளின் சண்டையைக் கண்டு பயந்திருக்கிறீர்கள். நான் பயப்படுவது அந்த 17 முட்டைகளின் தேதியைக் கண்டு. பல வருடமாக அடை வைத்ததில் நான் இழந்த குஞ்சுகளில் பெரும்பகுதி கொத்துப்பட்டுச் செத்ததில்லை. வெவ்வேறு நாள் முட்டைகள் ஒரே கோழிக்கு அடியில் இருந்ததாலும், வெவ்வேறு வயதுக் குஞ்சுகள் ஒரே தட்டில் தின்றதாலும் போனவைதான். ஒரே வயதுக் குஞ்சுகள் என்றால் மூன்று தாய்கள் இருந்தாலும் சமாளிக்கலாம். மூன்று வயதுக் குஞ்சுகள் ஒரு தாயிடம் இருந்தால் சமாளிப்பது கஷ்டம். அதனால் பிரிப்பதா சேர்ப்பதா என்று யோசிக்கும் முன் நாட்களைச் சீராக்குங்கள். பாதிச் சண்டை தானாக அடங்கிவிடும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குஞ்சுகள் அடைப்பெட்டிகள் பக்கம் போக முடியாதபடி நடுவில் ஒரு கம்பிவலைத் தடுப்புப் போடுங்கள். முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் கோழி இன்னும் தாய் ஆகவில்லை. அதன் உடம்பு முழுக்க அடைகாக்கும் மனநிலையில் இருக்கிறது, பெட்டிக்குப் பக்கத்தில் அசையும் எதுவும் அதற்கு எதிரிதான். தன் முட்டைக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்டு, நெஞ்சுக்குக் கீழே குஞ்சு நெளிவதை உணர்ந்த பிறகுதான் அது மாறும். கொத்திய கோழியைக் கெட்ட கோழி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதே கோழி இரண்டு வாரம் கழித்து அருமையான தாயாக நிற்கலாம்.

சரி, அந்த 17 முட்டைகளுக்கு வருவோம்.

இருட்டிய பிறகு ஒரு நல்ல டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் முட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பாருங்கள். அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடித்தால் உள்ளே தெரியும். எங்கும் ஒரே மஞ்சள் வெளிச்சமாக, எதுவுமே இல்லாமல் தெரிந்தால் அது கரு இல்லாத முட்டை, அல்லது நேற்று முன்தினம் யாரோ வந்து இட்டுப் போன புது முட்டை. நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகளும் ஓடினால் சுமார் ஒரு வாரக் கரு. பாதிக்கு மேல் இருண்டு, உள்ளே ஏதோ அசைந்தால் இரண்டு வாரத்தை ஒட்டி. அகன்ற முனையில் காற்றறை மட்டும் தெளிவாகத் தெரிந்து மீதி முழுக்கக் கருப்பாக இருந்தால் 18 நாள் தாண்டிவிட்டது, இனி அதைத் தொடவே வேண்டாம். நரம்பு எதுவும் இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு வளர ஆரம்பித்துச் செத்துவிட்டது. நாற்றம் வருவதும், ஓட்டில் ஈரம் கசிவதும் கூமுட்டை. அதை மெதுவாக எடுத்துத் தொலைவில் புதையுங்கள், பெட்டிக்குள் வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும். அடர்ந்த பழுப்பு ஓடு என்றால் முதல் வாரத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. அதற்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து இன்னும் 4 நாள் கழித்துப் பாருங்கள்.

இப்படிப் பார்த்தால் முட்டைகள் அநேகமாக இரண்டு குவியலாகப் பிரியும்: முன்னே போய்விட்டவை, பின்தங்கியவை. பென்சிலால் ஒன்றுக்குக் கோடு, மற்றொன்றுக்கு வட்டம் போடுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், அதன் மை ஓட்டுத் துளைகள் வழியாக உள்ளே இறங்கும். ஒரு நாள் வித்தியாசத்துக்குள் அடங்கும் முட்டைகள் ஒரே கோழிக்கு அடியில் இருக்கலாம். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒன்று இன்னொரு கோழிக்குப் போக வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். இதில் பரிதாபம் பார்க்கிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். முதல் குஞ்சு பொரித்து ஒன்று, ஒன்றரை நாளில் தாய் எழுந்துவிடும். மிச்சமிருக்கும் முட்டைக்குள் உயிர் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

உங்களிடம்தான் நாலாவது கோழி இருக்கிறதே. பின்தங்கிய முட்டைகளை அதற்குக் கொடுங்கள். கோழி நாள் எண்ணுவதில்லை. அடியில் முட்டை இருந்து, அடைச் சூடு தணியாமல் இருந்தால் 21 நாளுக்கு மேலும் உட்காரும். 12 நாளில் குஞ்சு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். 10 நாள் கருவுள்ள முட்டையை 3 நாள் அடைக்கோழிக்கு வைத்தால் அது எந்தச் சந்தேகமும் படாமல் உட்காருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த வழியில் இரண்டு தொகுதியும் பிழைக்கும், ஒன்றுக்கொன்று குறுக்கே வராது.

ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டையும் ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், ஒரு தடவை அக்கா தங்கை போல ஒட்டி வளர்ந்த இரண்டு கோழிகளை அப்படியே விட்டுப் பார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டும் மாறி மாறி ஒன்றன் முட்டையை மற்றொன்று அலகால் இழுத்துக்கொண்டே இருந்தன. இடையில் மாட்டிய முட்டைகள் ஒரு பக்கம் சூடும் ஒரு பக்கம் குளிருமாகக் கிடந்தன. போதாததற்கு இட வருகிற மற்றக் கோழிகள் நாளொன்றுக்கு ஒரு முட்டையை அதே பெட்டியில் சேர்த்துவிட்டுப் போயின. பொரிப்பு நாளில் 3 குஞ்சுகள் வெளியே வந்ததும் ஒன்று குஞ்சுகளை அழைத்துக்கொண்டு இறங்கியது, சத்தம் கேட்டு மற்றதும் பின்னாலேயே இறங்கிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது முட்டைகள் ஆறிக் கிடந்தன. உடைத்துப் பார்த்ததில் ஏழெட்டு முட்டையில் முழுக் குஞ்சு. இரண்டு தாயும் சேர்ந்து ஒற்றுமையாக வளர்த்த ஜோடிகளும் இல்லாமல் இல்லை, ஆனால் அதை நம்பி இனி முட்டை வைக்க மாட்டேன்.

நாலாவது கோழியைப் புதுப் பெட்டிக்கு இடம் மாற்றுவது என்றால் இரவில்தான். பகலில் தூக்கினால் பழைய பெட்டிக்கே ஓடும். புதுப் பெட்டி தரையோடு இருக்கட்டும், உயரத்தில் வைத்தால் குஞ்சுகள் விழும், திரும்ப ஏறவும் முடியாது. கோழி உட்கார்ந்து திரும்பும் அளவுக்கு, சுமார் 40 செ.மீ. நீள அகலம் போதும். அடியில் கொஞ்சம் ஈர மண்ணோ மணலோ கொட்டி நடுவைக் கையால் குழித்து, மேலே வைக்கோல் பரப்புங்கள். குழி இல்லையென்றால் முட்டைகள் ஓரத்துக்கு உருண்டுவிடும், மூலைகளில் மாட்டும். முதலில் நல்ல முட்டையை வைக்காதீர்கள். மர முட்டையோ கோல்ஃப் பந்தோ மூன்று நாலு வைத்து, கோழியைப் பின்பக்கமாக உள்ளே நுழைத்து, முன்புறத்தைச் சாக்கால் மறைத்துவிடுங்கள். அடுத்த நாள் முழுக்க அரை இருட்டில் கிடக்கட்டும். இரண்டாம் நாளும் பொம்மை முட்டைமேல் பரந்து உட்கார்ந்து, கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு உறுமினால் அது நிலைத்துவிட்டது. அன்று இரவு நிஜ முட்டைகளை மாற்றி வையுங்கள். அதுவரை கருவுள்ள முட்டைகளை நிலைத்திருக்கும் மற்றக் கோழிதான் வைத்திருக்க வேண்டும். அதனால் ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டில் ஒன்றை மட்டும் கிளப்புங்கள், இரண்டையும் ஒரே ராத்திரியில் கிளப்பாதீர்கள்.

எதைக் கிளப்புவது? முன்பு குஞ்சு வளர்த்த அனுபவம் உள்ளதை அங்கேயே விடுங்கள், பெட்டியை மட்டும் அடைப்பு வைத்து மற்றக் கோழிகள் நுழையாதபடி செய்யுங்கள். இரண்டும் இதுவரை குஞ்சு வளர்க்காத விடைக்கோழி என்றால், அதட்டினால் எழுந்து ஓடுவதைக் கிளப்புங்கள்.

கிளப்பியதை என்ன செய்வது என்பதில்தான் என் கருத்து பலரோடு ஒத்துப்போகாது. அடைக்கு வந்த ஒவ்வொரு கோழிக்கும் முட்டை வைக்க வேண்டியதில்லை. 17 உறுப்பினர் உள்ள கூட்டத்துக்கு ஒரே பருவத்தில் இரண்டு தாய் போதும், மூன்று தாராளம். உங்களிடம் ஒன்று பொரித்துவிட்டது, இன்னும் இரண்டு பொரிக்கப் போகின்றன. கிளப்பிய இன்னொன்றை அடை எண்ணத்திலிருந்து தெளிய வைத்துவிடுங்கள். அடைக்கு வந்த கோழிக்குப் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறியிருக்கும். நெஞ்சுக்கடியில் சூடும், இருட்டும், முட்டையின் தொடு உணர்ச்சியும் சேர்ந்து அதை ஏறிய நிலையிலேயே வைத்திருக்கும். அந்த மூன்றையும் எடுத்துவிட்டால் இறங்கிவிடும். அடியில் கம்பிவலை உள்ள கூண்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் வைத்து, வைக்கோல் எதுவும் போடாமல், தீவனமும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்து மூன்று நாலு நாள் அடைத்து வையுங்கள். வயிற்றுக்கடியில் காற்று ஓடும்போது அடைச் சூடு தணியும். வெளியே விட்டதும் பெட்டிக்கு ஓடாமல் மேயப் போனால் தெளிந்துவிட்டது. பெட்டிக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள். தண்ணீரில் முக்குவது, பட்டினி போடுவது, காலைக் கட்டுவது எல்லாம் வேண்டாம். கோழிக்கு வேதனைதான் மிச்சம், தெளிவதும் நிச்சயமில்லை. சீக்கிரம் கவனித்தால் சீக்கிரம் தெளியும். இரண்டு வாரம் உட்கார்ந்ததைத் தெளிய வைக்க அதிக நாள் பிடிக்கும். தெளிந்த கோழி மறுபடி முட்டையிட ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகலாம்.

இன்னொரு விஷயம், அடை ஒட்டுவாரொட்டி மாதிரிதான். பெட்டியில் முட்டை சேர்ந்து கிடப்பதைப் பார்க்கும் கோழிக்கு அடை எண்ணம் சீக்கிரம் வரும். நாலு ஒன்றாக வந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். பொதுப் பெட்டிகளில் முட்டையைத் தினமும், முடிந்தால் இரண்டு வேளை எடுத்துவிடுங்கள்.

அடையில் இருக்கும் இரண்டு கோழிகளின் அன்றாடத்தைப் பார்க்கலாம். அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவை, 15 முதல் 30 நிமிடம் இறங்கும். தின்னும், குடிக்கும், மண்குளிக்கும், ஒரு பெரிய நாற்றமெடுத்த எச்சம் போடும். அதெல்லாம் சரியான அறிகுறி. இறங்காத கோழிதான் கவலை. அப்படிப்பட்டதைத் தினமும் ஒரே நேரத்தில் மெதுவாகத் தூக்கி வெளியே விடுங்கள். தூக்கும்போது இறக்கைக்கு அடியில் கைவிட்டுப் பார்க்க வேண்டும், சில முட்டைகள் இறக்கையிடுக்கில் மாட்டிக்கொண்டு வந்து கீழே விழுந்து உடையும். ஒரு தடவை எனக்கு அப்படி இரண்டு உடைந்தன, இரண்டும் 19 நாள் முட்டை.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டி இருந்தால் வேறொரு தொல்லை வரும். இறங்கின கோழி திரும்பும்போது தவறான பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிடும். இரண்டும் ஒரே பெட்டியில் திருப்தியாக இருக்கும், மற்றப் பெட்டி ஆறிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டையும் தடுப்புப் போட்டு மூடி வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து விட்டு, தன் பெட்டிக்குத் திரும்பியதும் மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கலாம். முடிந்தால் இரண்டு பெட்டியையும் வெவ்வேறு மூலையில் வைத்து விடுங்கள், நேரம் மிச்சம். எப்போதாவது தவறி ஒரு மணி நேரம் முட்டை ஆறிவிட்டால் உடனே எறிந்துவிடாதீர்கள். கோழியை மேலே உட்கார வையுங்கள், நாலு நாள் கழித்து டார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம். பொரிப்பு சற்றுத் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான்.

பேன், செல் போன்ற பூச்சிகள் விஷயத்தில் சோம்பல் கூடாது. அடைக்கோழி மண்குளிப்பது குறைவு, ஒரே இடத்தில் சூடாகக் கிடக்கிறது, அந்தப் பூச்சிகளுக்கு இதைவிட வசதி வேண்டுமா? இரத்தம் உறிஞ்சும் செல் பகலில் பெட்டியின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் ஏறும். பகலில் கோழியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரவில் வெள்ளைத் துணியால் பெட்டியின் இடுக்கைத் துடைத்துப் பாருங்கள், சிவப்புத் தீற்றல் வந்தால் இருக்கிறது. கொண்டை வெளுத்து, நல்ல அடைக்கோழி திடீரென்று முட்டையை விட்டு இறங்கி நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன்.

பொரிப்பு நாளில் கையை வைக்காமல் இருப்பதுதான் பெரிய வேலை. ஓட்டில் கீறல் விழுந்ததிலிருந்து குஞ்சு முழுதாக வெளிவர ஒரு நாள் கூட ஆகலாம். மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்பட்டிருப்பதால் குஞ்சு இரண்டு நாள் வரை தின்னாமல் தாங்கும், முதலில் பொரித்தது பட்டினி என்று பதற வேண்டாம். எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் தாய் பதறி நகர்ந்து மிதிக்கும். காலையும் மாலையும் ஒரு தடவை பார்த்து, காலி ஓடுகளை எடுத்தால் போதும். ஓட்டுத் துண்டு இன்னொரு முட்டைமேல் தொப்பி போல் கவிழ்ந்துவிட்டால் உள்ளிருக்கும் குஞ்சு வெளிவர முடியாமல் போகும்.

இரண்டு கோழியும் ஏறக்குறைய ஒரே நாளில் பொரித்துவிட்டால் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு. ஒன்றுக்கு 4, மற்றதற்கு 6 என்று வந்தால் எல்லாவற்றையும் ஒரே தாய்க்கு மாற்றிவிட்டு மற்றதைத் தெளிய வைக்கலாம். நடுத்தர உடம்புள்ள கோழி 12 குஞ்சு வரை தாராளமாக அணைக்கும், குளிர் காலத்தில் 8, 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது, இரவில் எல்லாக் குஞ்சும் இறக்கைக்குள் அடங்குகிறதா என்பதுதான். மாற்றுவதற்கும் ஒரு கெடு உண்டு. குஞ்சு வெளிவந்து 2 நாளுக்குள், இரவில், வாங்கிக்கொள்ளும் தாய்க்கும் அதே வயதுக் குஞ்சு இருந்தால் அநேகமாக ஏற்றுக்கொள்ளும். 4, 5 நாள் ஆகிவிட்டால் குஞ்சுக்குத் தன் தாயின் குரல் பழகிவிடும், தாய்க்கும் தன் குஞ்சு எது என்று தெரிந்துவிடும். நிறமும் பார்க்கும். மஞ்சள் குஞ்சுகளோடு இருக்கும் தாய் கருப்புக் குஞ்சை மட்டும் தேடித் தேடிக் கொத்தியதைப் பார்த்திருக்கிறேன். இரவில் வைத்தாலும் விடியும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். முதல் வெளிச்சத்தில்தான் தாய் கணக்கெடுக்கும். கொத்தி விரட்ட ஆரம்பித்தால் உடனே எடுத்துவிடுங்கள், பழகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

இதனால்தான் உங்கள் முதல் கோழியின் 9 குஞ்சுகளையும், இனி வரப்போகும் குஞ்சுகளையும் ஒன்று சேர்க்கவே நினைக்காதீர்கள். குறைந்தது ஒன்றரை வார வித்தியாசம் வரும் போலிருக்கிறது. பெரிய குஞ்சு சின்னதை மிதித்துத் தள்ளிவிட்டுத் தீவனத்தைத் தின்னும், தாய் வேறு வந்து கொத்தும். அவை தனிக் குடும்பமாகவே வளரட்டும்.

இனி மற்றக் கோழிகளோடு எப்போது விடுவது. எத்தனை நாள் தனியாக வைக்கிறோமோ அத்தனைக்குத் தாய் கூட்டத்தில் தன் இடத்தை இழக்கும். மூன்று வாரம் அடையில், அப்புறம் இரண்டு மாதம் தனி அறையில் என்று வைத்துவிட்டுத் திடீரென்று விட்டால் அதைப் புதுக்கோழி போலத்தான் நடத்துவார்கள், குஞ்சுகளுக்கும் சேர்த்து அடி விழும். மறுபுறம், முதல் சில நாளில் குஞ்சுகளுக்குக் கால் நிலைக்கவில்லை, தாயின் அழைப்புக்கு ஓடி வரத் தெரியாது. நான் கடைப்பிடிப்பது இது: முதல் வாரம் கம்பிவலைக்குப் பின்னால், மற்றக் கோழிகள் தினமும் பார்க்கும்படியாக. இரண்டாம் வாரத் தொடக்கத்தில் திறந்து விடுவது. அந்தச் சமயத்தில் தாயின் ஆவேசம் உச்சத்தில் இருக்கும், வரிசையில் கடைசியில் இருந்த கோழிகூட இறக்கையை விரித்துக்கொண்டு சேவலை விரட்டும். உங்கள் முதல் கோழிக்கு அந்த நேரம் இப்போதுதான்.

திறப்பதைத் திறந்த வெளியில் செய்யுங்கள், கூட்டுக்குள் வேண்டாம். விபரீதம் எல்லாம் மூலையில்தான் நடக்கிறது. ஓட இடமிருந்தால் ஒரு கொத்தோடு போய்விடும், மூலையில் மாட்டிய குஞ்சுக்குப் பத்துக் கொத்து விழும். முதல் அரை மணி நேரம் அருகிலேயே நில்லுங்கள். ஒரு கொத்து, ஒரு விரட்டு என்றால் தலையிட வேண்டாம், குஞ்சுகள் ஒதுங்கக் கற்றுக்கொள்வது அப்படித்தான். துரத்திக்கொண்டே போய்க் கொத்தும் கோழி ஏதாவது இருந்தால் அதைப் பிடித்து இரண்டு மூன்று நாள் தனியே அடையுங்கள். தாயை அடைப்பதை விட இது நல்லது. சேவல் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, சில சேவல்கள் குஞ்சுக்கு இரைகூடக் காட்டும். குஞ்சைக் கொத்தும் சேவலும் உண்டு, முதல் நாளே தெரிந்துவிடும்.

இரண்டு தாய்களும் முதலில் சந்திக்கும்போது மார்போடு மார்பு மோதிக்கொள்ளும். ஓரிரு நிமிடத்தில் முடிவது வழக்கம். ஆபத்து அந்த மோதலில் இல்லை, காலுக்கடியில் நிற்கும் குஞ்சுகளில்தான். அதனால் முதல் சந்திப்பு வலைக்கு இரண்டு பக்கமும் நடக்கட்டும். அப்புறம் சேர்ந்து விடும்போது தீவனத்தட்டும் தண்ணீரும் குடும்பத்துக்கு ஒன்றாக, ஆறேழு மீட்டர் தள்ளித் தள்ளி வையுங்கள், ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி நடுவில் ஒரு புதரோ சாய்த்த பலகையோ இருந்தால் இன்னும் நல்லது.

கவனிக்க வேண்டிய நேரம் அந்தி. பகலில் இரண்டு குடும்பக் குஞ்சுகளும் கலந்து மேயும், யாரும் எதுவும் சொல்வதில்லை. இருட்டும்போது வழி தவறிய குஞ்சு அடுத்த தாயின் இறக்கைக்குள் நுழையப் பார்க்கும். அங்கே கொத்து வாங்கி வெளியே கிடந்தால் இரவுக் குளிரில் போய்விடும். தினமும் அடைக்கும்போது ஒவ்வொரு தாய்க்கும் தனிப் பஞ்சாரம் கவிழ்த்து, குஞ்சுகளை எண்ணி உள்ளே விடுங்கள். நாலைந்து நாளில் அவையே தங்கள் இடத்துக்கு வந்துவிடும்.

தீவனத்தில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். அதிகமானது வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரே முற்றத்தில் பெரியதும் சின்னதுமாக மேயும்போது யார் எதைத் தின்கிறார்கள் என்று காவல் காக்க முடியாது. எளிய வழி, கூட்டம் முழுவதற்கும் குஞ்சுத் தீவனத்தையே போட்டுவிட்டு, இடும் கோழிகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித்தட்டில் வைப்பது. குஞ்சுகள் அதைக் கொஞ்சம் கொறித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும். செலவு கட்டாது என்றால், 6, 7 செ.மீ. இடைவெளியுள்ள கம்பிக் கூண்டைத் தட்டின் மேல் கவிழ்த்துவிடுங்கள், குஞ்சு மட்டும் நுழைந்து தின்னும். பெரிய கோழி துரத்தினால் ஓடி ஒளியவும் அதுவே இடம். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல், உள்ளே கூழாங்கல் போட்டு இருக்கட்டும், ஒரு வாரக் குஞ்சு விரற்கடை ஆழத்திலேயே மூழ்கிவிடும்.

நோய் விஷயத்தில், பல வயதுக் குஞ்சுகள் ஒரே இடத்தில் இருக்கும்போது முதலில் வருவது இரத்தக்கழிச்சல். பெரியவற்றின் எச்சத்திலிருந்து சின்னதுக்குத் தொற்றும், ஈரமான படுக்கையில் பெருகும். பெரும்பாலும் 3 முதல் 6 வார வயதில் தெரியும். குஞ்சு இறக்கையைத் தொங்கப்போட்டுக் குன்றி நிற்கும், எச்சத்தில் இரத்தம் கலந்து வரும். தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள ஈரத்தைத் தினமும் சுரண்டி எடுப்பது பாதி மருந்து. அறிகுறி தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கேட்டு ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.

தாய் குஞ்சைப் பிரிக்கும் நாள் ஒவ்வொரு கோழிக்கும் வேறு. 5 வாரத்தில் விடுவதும் உண்டு, 10 வாரம் வரை கூட்டிக்கொண்டு அலைவதும் உண்டு. மறுபடி முட்டையிட ஆரம்பித்ததும் நேற்றுவரை அழைத்து ஊட்டியதே குஞ்சைக் கொத்தி விரட்டும், பார்க்கச் சங்கடமாக இருக்கும். உங்களிடம் சிக்கல் எங்கே வருமென்றால், முதல் கோழி பிரித்துவிட்ட 9 குஞ்சுகளும் தாய் தேடி, இன்னும் குஞ்சோடிருக்கும் மற்றத் தாய்களிடம் போய் ஒட்டப் பார்க்கும். அங்கே அடி வாங்கும், தின்னும் இடத்தில் சின்னக் குஞ்சுகளை இவை தள்ளும். அந்த வாரம் ஒன்பதையும் ஒரே கூண்டில், ஒன்றாகவே தனியாகப் படுக்க வையுங்கள். கூடப் பிறந்தவை பிரியாமல் இருந்தால் பயம் குறைவு. அதற்கு முன்பே தாழ்வான ஒரு கழியில் தாயோடு ஏறி உறங்கப் பழகியிருந்தால் பாதி வேலை முடிந்தது. பகலில் அவை ஒதுங்க இரண்டு மூன்று மறைவிடம், தீவனத்துக்கு ஒரு தட்டு கூடுதலாக. கூட்டத்தின் கடைசி வரிசையில் அவை இருக்கும், முட்டையிடத் தொடங்கும்வரை அப்படித்தான்.

அடுத்த தடவைக்கு ஒரு யோசனை. முதல் கோழி அடைக்கு உட்கார்ந்ததும் நிஜ முட்டையை வைத்துவிடாமல், பொம்மை முட்டையில் 4, 5 நாள் உட்கார விடுங்கள். அதற்குள் இரண்டாவது ஒன்று வரலாம். அந்த நாட்களில் நல்ல முட்டைகளைச் சேர்த்து, குளிர்ச்சியான நிழலில் கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள், தினமும் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சாய்த்துவிட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் தாமதமானால் பொரிப்பு குறையும். பிறகு ஒரே இரவில் இரண்டுக்கும் பத்துப் பத்து வைத்துத் தேதியைப் பெட்டிமேல் எழுதிவிடுங்கள். ஒன்று இடையில் கைவிட்டால் மற்றது வாங்கிக்கொள்ளும்.

கொத்துப்பட்ட குஞ்சைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். காயத்தில் சிவப்பு தெரிந்தால் கூடப் பிறந்தவையே கொத்தும். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு, ஊதா நிறக் காய மருந்தை மெலிதாகத் தடவுங்கள், கண்ணில் படாமல். தாய் பார்க்கும் தூரத்தில் சின்னக் கூண்டில் வைத்து, துணைக்கு இன்னொரு குஞ்சையும் சேர்த்து விடுங்கள், தனியாக விட்டால் கத்தியே ஓய்ந்துபோகும். இருட்டியதும் இரண்டையும் தாயின் இறக்கைக்கடியில் சேர்த்துவிடலாம். தலை ஒரு பக்கமாகச் சாயாமல், தானாகக் குடித்துத் தின்றால் 3 நாளில் மற்றவற்றோடு ஓட ஆரம்பித்துவிடும்.